ரத்தினகிரிக்குக் கிழக்கே

ஆம்பூரில் நான் ஷூவுக்கு நாக்குத் தைக்கிறேன்.
லைன் லீடர் பிரமிளா அதை ‘டங்’ என்பாள்.
ஷிப்டுக்கு நானூற்றிருபது நாக்கு.
எல்லாம் பெட்டிக்குள் வாய்மூடிக் கப்பலேறும்.
வேண்டுதல் என்னவோ வெறுங்காலில்தான்.

மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம்.
ரோட்டின் வெள்ளைக்கோட்டில் நடந்தால் சூடு குறைவு என்று
முதல் நாளே கால் கண்டுபிடித்துவிட்டது.
ஜம்புலிங்கம் அண்ணன் மெகாபோனில் அரோகரா போட
லாரிக்காரர்கள் ஹாரனில் திருப்பிப் போட்டார்கள்.
வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வந்தது.
எதிர்ச்சாரிக் கடையில் தொங்கிய வாழைத்தார்களை
எண்ணிக்கொண்டே தாண்டினேன்.

ஆடிக் கிருத்திகை. ரத்தினகிரி.
நசுங்கி நசுங்கி மேலே போய்
கற்பூரம் முருகன் முகத்துக்கு ஏறிய நேரம்
கேட்க வந்தது மறந்துபோனது.
மகனுக்கு வேலையா? அது போன வருஷம்.
குழுக் கடனா? அதற்கெல்லாம் இவ்வளவு தூரம் நடப்பார்களா?
நாக்கு இருந்தது. தைத்த நாக்கு.
பின்னாலிருந்து ஒரு காவடி இடித்தது.
நகர்ந்துவிட்டேன்.

கீழே வேன் நின்றது.
எல்லோரும் ஏறி ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள்.
என் கால் ஏறவில்லை.
அதற்கு இன்னும் விஷயம் தெரியாது போல,
கிழக்கே பார்த்தே நின்றது.
“இன்னாமே?” என்றாள் கட்டிங் செக்‌ஷன் தேசம்மா.
“ஆறு எங்க முடியுது?”
“பாலாறா? கடல்ல.”
“அதுவரைக்கும் போயிட்டு வரேன்.”
ஜன்னல் வழியாகத் தன் பையை என்மேல் எறிந்தாள்.
பிறகு தானும் இறங்கி வந்தாள்.
ஏன் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மேல்விஷாரத்தில் மளிகைக்கடை கவுஸ் பாஷா
கொப்புளத்துக்கு மஞ்சள் கொடுத்துக் காசு வாங்கவில்லை.
“கடலுக்கா? அங்க எந்த சாமி?”
“போய்ப் பாத்தாத் தெரியும் பாய்,” என்றாள் தேசம்மா.
ஆற்காட்டுப் பாலத்தடியில் இரவு.
பிரமிளா பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள்.
வீட்டுக்காரர் ஒரு தடவை.
“எங்க கீற?”
“ஆத்துல.”
“தண்ணி கீதா?”
“இல்ல.”
“அப்ப சரி.”
வைத்துவிட்டார்.

மறுநாள் ஆற்றுக்குள்ளேயே நடந்தோம்.
மணல் லாரித் தடம், கருவேல முள்,
வெயிலில் வெளுத்த மாத்திரை அட்டைகள்.
ஆறு போக மறந்த வழியில்
கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
புதுப்பாடி அணைக்கட்டு மதகோரம் ஒரு குட்டை.
தூண்டில் போட்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும்
செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.
மஞ்சள் புடவைக்கா, குதிகால் ரத்தத்துக்கா.
அதற்கப்புறம் எங்களுக்குத் தெரிந்த
ஊர்ப் பேர் ஒன்றும் வரவில்லை.

ஐந்தாம் நாள், வயலூர்.
ஆறு கடலுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.
கடல்தான் மணல்மேட்டைத் தாண்டி
கொஞ்ச தூரம் ஆற்றுக்குள் வந்து
யாரும் இல்லையென்று திரும்பிக்கொண்டிருந்தது.
கால் வைத்தேன். வெடிப்பெல்லாம் எரிந்தது.
“அய்யோ!” என்று கத்தினேன்.
ஆம்பூரை விட்டதிலிருந்து
சத்தமாக வந்த முதல் வார்த்தை.
தேசம்மா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.
தோலுக்குப் போட்டுப் போட்டு
எங்கள் தெருவுக்கு அடியில் இறங்கிப்போன அதே உப்பு.
“நம்மூரு போர் தண்ணிதான்டி,” என்றாள்.
துப்பவில்லை.

இடுப்பில் சொருகியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு
அலையில் நனைந்துவிட்டது.
கல்மேல் விரித்து நான்கு மூலைக்கும் கிளிஞ்சல் வைத்தேன்.
என் பேர் கரைந்துவிட்டது. டாக்டர் பேரும்.
கிழமை மட்டும் நின்றது. வியாழன்.
தேசம்மா எட்டிப் பார்த்தாள்.
“இன்னிக்கு இன்னா கெழம?”
“சனி.”
முந்தானையைப் பிழிந்துகொண்டே
மேற்கே பார்த்தாள்.
“நடந்தாக்கூடப் போயிடலாம்.”